பேட்டி கொடுக்கப் பயிற்சி: சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் வேலை பார்த்த அமைப்பில் முதன்முதலாக ஊடகப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தபோது, நாள் முழுக்க நடந்த வகுப்பில் எங்கள் இயக்குநர் கேமரா முன்னால் உட்கார்ந்தது மொத்தம் நான்கு நிமிடம். மீதி நேரமெல்லாம் திரையில் படங்கள், அம்புக்குறிகள், பிரபலங்களின் பேட்டித் துணுக்குகள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தோம். மூன்று வாரம் கழித்து இயக்குநர் ஒரு தொலைக்காட்சி நேரலைக்குப் போனார். முதல் கேள்வி வந்ததுமே கையிலிருந்த பேனாவின் பொத்தானை அழுத்தத் தொடங்கிவிட்டார். டிக், டிக், டிக். உடையில் குத்தியிருந்த சின்ன மைக் அதை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டது. அவர் சொன்ன தகவல் அத்தனையும் சரி. ஆனால் மறுநாள் என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "அது என்ன சத்தம்?"

பேனா கையில் இருந்ததே அவருக்குத் தெரியாது. வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார வைத்து, பதிவைப் போட்டுக் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால் எந்தப் பயிற்சி நிறுவனத்தோடு பேசினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒருவர் எத்தனை நிமிடம் கேள்விக்குப் பதில் சொல்வார், அந்தப் பதிவை எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்ப்போம்? நீச்சலைப் படம் காட்டிச் சொல்லித்தர முடியாது; பேட்டியும் அப்படித்தான்.

முதலில் உங்கள் தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

"ஊடகப் பயிற்சி வேண்டும்" என்று மட்டும் சொல்லிப் போனால், அவர்கள் எல்லோருக்கும் வைத்திருக்கும் ஒரே பாடத்தை உங்களுக்கும் நடத்திவிட்டுப் போவார்கள். நிறுவனத்துக்குப் போன் போடும் முன்னால் மூன்று விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: யார் பேசப்போகிறார்கள், எந்த மாதிரிப் பேட்டி, எப்போது.

பேட்டியில் வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பழக்கம் வேண்டும். பத்திரிகை நிருபர் போனில் அரை மணி நேரம் நட்பாகப் பேசுவார். அச்சில் வருவது இரண்டு வரி. அந்த இரண்டு வரி எது என்பதை அவர்தான் முடிவு செய்வார். வானொலியில் முகம் கிடையாது, குரல் ஒன்றே துணை. தொலைக்காட்சியில் பதிவு செய்து வெட்டி ஒட்டுவது ஒரு ரகம், நேரலை வேறு ரகம். பதிவு என்றால் "மன்னிக்கவும், இன்னொரு தடவை சொல்கிறேன்" என்று கேட்டுப் பார்க்கலாம். நேரலையில் அதற்கு இடமில்லை. விவாத நிகழ்ச்சி இன்னொரு உலகம். அங்கே நெறியாளரைவிடப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் பெரிய சோதனை. வாசலில் நாலைந்து மைக்குகள் மொத்தமாக நீட்டப்படும்போது நடந்துகொண்டே பேசுவதா, நின்று பேசுவதா என்பதைக்கூடப் பழகித்தான் ஆகவேண்டும்.

வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ மடிக்கணினி வழியாகக் கொடுக்கும் பேட்டிகளும் பெருகிவிட்டன. 2017 மார்ச்சில் தென் கொரியாவிலிருந்து ராபர்ட் கெல்லி என்ற பேராசிரியர் பிபிசி நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் கதவைத் திறந்துகொண்டு இரண்டு குழந்தைகள் வந்துவிட்டார்கள். அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. அவர் பேசிக்கொண்டிருந்தது ஒரு நாட்டின் அதிபர் பதவி பறிபோனதைப் பற்றி. அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இந்த வகைப் பேட்டிதான் உங்களுக்கு அதிகம் வரும் என்றால், ஸ்டூடியோ வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் மேசை, உங்கள் மடிக்கணினி, உங்கள் அறை வெளிச்சம் ஆகியவற்றோடு பயிற்சி தருபவர்தான் உங்களுக்குத் தேவை.

எந்த வகையை எழுதினாலும் அதன் பக்கத்தில், நீங்கள் சந்திக்க விரும்பாத கேள்விகள் ஐந்தையும் எழுதி வையுங்கள். பிற்பாடு உதவும்.

பெயர்களைச் சேகரிப்பது

விளம்பரத்தில் தொடங்காதீர்கள். உங்கள் துறையில் யாராவது ஒரு சிக்கலான பேட்டியை நிதானமாகக் கொடுத்ததைப் பார்த்திருந்தால், அவர்களுடைய அலுவலகத்தைக் கேளுங்கள்: "யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள்?" பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். தெரிந்த நிருபர்கள் இருந்தால் அவர்களிடமும் விசாரியுங்கள். யாரிடம் படித்தவர்கள் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள், யாரிடம் படித்தவர்கள் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மூன்று பெயர் கிடைத்தால் போதும்.

நிறுவனத்தைப் பார்க்காதீர்கள், வரப்போகும் ஆளைப் பாருங்கள்

பெரிய நிறுவனங்களில் பேரம் பேசுபவர் ஒருவர், பாடம் நடத்துபவர் வேறொருவர். பேசும்போதே கேட்டுவிடுங்கள்: "எங்களுக்குப் பயிற்சி தரப்போவது யார்? அவரோடு பத்து நிமிடம் பேசலாமா?" இதற்குத் தயங்கினால், அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களில் செய்தியாளராக இருந்தவர்கள் உண்டு, மக்கள் தொடர்புத் துறையிலிருந்து வந்தவர்கள் உண்டு, நாடகம் அல்லது குரல் பயிற்சியிலிருந்து வந்தவர்களும் உண்டு. பேட்டிக்கான பயிற்சி என்றால் நான் செய்தியாளராக இருந்தவர் பக்கம்தான் சாய்வேன். நழுவலான பதிலைக் கேட்டதும் எங்கே குடைய வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகியிருக்கும். ஒருவருக்குக் குரலே எழும்பவில்லை, பயத்தில் மூச்சு வாங்குகிறது என்றால் குரல் பயிற்சியாளரிடம் போவது சரி. அது வேறு தேவை.

நல்ல செய்தியாளர் எல்லோரும் நல்ல ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. சிலர் தங்கள் பழைய கதைகளைச் சொல்லியே பொழுதை ஓட்டிவிடுவார்கள். சிலர் மாணவரை மடக்கிப் பிடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். மடக்குவது கஷ்டமில்லை, மடங்கியவரை எழுப்பி, "இதே கேள்விக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்" என்று மறுபடி உட்கார வைக்கத் தெரிய வேண்டும். அதோடு, செய்தி அறையை விட்டு அவர் எப்போது வந்தார் என்றும் கேளுங்கள். போனில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியே செய்தியாகப் பரவும் வழக்கத்துக்கு முன்பே வெளியேறியவர் என்றால், இப்போதைய வேகம் அவருக்குப் பிடிபடாமல் இருக்கலாம்.

இன்னும் செய்தியாளராகவே வேலை பார்ப்பவர் பயிற்சி தர முன்வந்தால் யோசியுங்கள். நாளைக்கு உங்களைப் பற்றிய செய்தியை அவரே எழுத வேண்டி வந்தால்? பல செய்தி நிறுவனங்கள் இந்தக் காரணத்துக்காகவே தங்கள் ஆட்களுக்கு இதில் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. உங்களுக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல.

அந்தப் பத்து நிமிடப் பேச்சு

நீங்கள் கேட்கும் கேள்விகளைவிட, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். முதல் அனுபவத்துக்குப் பிறகு நான் பேசிப் பார்த்தவர்களில் ஒருவர், தன் நிறுவனத்தின் பெருமையைச் சொல்லி முடிக்கவே எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். அடுத்தவர், ஓர் அம்மா, எடுத்த எடுப்பிலேயே, "உங்க இயக்குநர்கிட்ட எந்தக் கேள்வி கேட்டா அவங்களுக்கு வயித்தைப் பிசையும்?" என்றார். நான் தயங்கினேன். "இப்ப சொல்ல வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அனுப்புங்க. கூடவே கடந்த ஒரு வருஷத்துல உங்களைப் பத்தி வந்த செய்திகள், முக்கியமா நல்லா வராத செய்திகள். அதையெல்லாம் படிக்காம நான் கேள்வி தயார் பண்ண முடியாது."

அவரைத்தான் அமர்த்தினோம். உங்கள் விஷயத்தைப் படித்துவிட்டு வருபவர் கேட்கும் கேள்விக்கும், படிக்காமல் வருபவர் கேட்கும் கேள்விக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "உங்கள் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்குப் பயிற்சி எடுத்து என்ன பயன்? "போன வருடம் மார்ச்சில் இப்படிச் சொன்னீர்கள், இப்போது மாற்றிச் சொல்கிறீர்களே?" என்பதுதான் உண்மையில் வரும் கேள்வி.

நேரக் கணக்கு

நிகழ்ச்சி நிரலை எழுத்தில் வாங்கி, ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சுற்று என்பது ஐந்து நிமிடப் பேட்டி, அதைப் போட்டுப் பார்த்துப் பேசப் பத்து நிமிடம், ஆக பதினைந்து. ஒருவருக்குக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும். முதல் சுற்றில் தவறு தெரியும், இரண்டாவதில் அதைச் சரிசெய்யப் போய்த் தடுமாறுவார்கள், மூன்றாவதில்தான் பிடிபடும். நான்கு பேர் என்றால் அறுபது நிமிடம் மூன்று தடவை, ஆக மூன்று மணி நேரம். எட்டு பேர் என்றால் ஆறு மணி நேரம், பாடம் சொல்லித்தர நிமிடம்கூட மிஞ்சாது. அதனால் ஒரு நாளுக்கு நான்கைந்து பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். "எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் ஒன்றுதான்" என்று சொன்னால், அது சொற்பொழிவு. பயிற்சி ஆகாது.

மூன்று சுற்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒன்று நட்பான பேட்டி, ஒன்று கெடுபிடியானது, ஒன்று நீங்கள் எழுதி வைத்த வகைக்கு ஏற்றது. சுழலும் நாற்காலியில் ஒரு தடவை உட்கார வைப்பார்களா என்றும் நான் கேட்பதுண்டு. சின்ன விஷயம்தான். ஆனால் ஸ்டூடியோவில் சுழல் நாற்காலி கிடைத்தால் கால் தானாக ஆட்டும், திரையில் ஆள் ஊசலாடுவது போலத் தெரியும். ஒரு தடவை தன்னையே அப்படிப் பார்த்தவர் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்வார்.

என்ன சொல்லித்தருகிறார்கள்?

தேர்வில் கனமான பகுதி இதுதான். பாடத்தின் சாரத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

"நாம் சொல்வதில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்று ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். இந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒற்றைச் சொற்களைச் சொல்லும் தொனியும் முகபாவமும் முரண்படும்போது, சொல்பவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதை எதைக்கொண்டு முடிவு செய்கிறோம் என்பதுதான் அதில் ஆராயப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு ஏழே சதவீதம் என்றால் தெரியாத மொழியில் பேட்டி கொடுத்தாலும் முக்கால்வாசிக்கு மேல் புரிய வேண்டுமே! இதைச் சரிபார்க்காதவர் வேறு எதைச் சரிபார்த்திருப்பார்?

இரண்டாவது, "என்ன கேட்டாலும் நாம் சொல்ல வந்ததையே சொல்லிவிட வேண்டும்" என்ற பாடம். கேள்வியிலிருந்து நம் கருத்துக்குப் பாலம் போட்டுக் கடப்பதை எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருவார்கள். அது தேவையான திறமைதான். ஆனால் முதலில் பதில், அப்புறம்தான் பாலம். பதிலே இல்லாமல் பாலம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஜூன் மாதத்து எட் மிலிபேண்ட் பேட்டி ஒன்று போதும். அப்போது பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அவர், பொதுத்துறை வேலைநிறுத்தம் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செய்தியில் ஒரு துணுக்குதான் போடுவார்கள், எதைப் போட்டாலும் இதுவே வரட்டும் என்பது கணக்கு. வெட்டாத முழுப் பதிவும் வெளியே வந்துவிட்டது. இயந்திரம் பேசுவது போல இருந்தது. அவர் சொன்ன கருத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

1997 மே மாதம் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சியில் பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் நெறியாளர் ஜெரமி பாக்ஸ்மன் ஒரே கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டதும் இந்த ரகம்தான். நேரடிப் பதில் கடைசி வரை வரவில்லை. அந்தப் பேட்டியை இன்றும் அதற்காகத்தான் நினைக்கிறார்கள். ஆகவே பயிற்சியாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்?" நல்லவர்கள் சொல்லும் பதில், "ஏன் சொல்ல முடியாது என்ற காரணத்தைச் சொல்லுங்கள். வழக்கு நடக்கிறது, இன்னும் எங்களுக்கே தெரியாது, ஊழியரின் தனிப்பட்ட விஷயம், எதுவானாலும் சரி" என்பது போல இருக்கும். "பேச்சை மாற்றிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால் வேண்டாம்.

மூன்றாவதாக, சுருக்கமாகச் சொல்லக் கற்றுத்தருகிறார்களா? டிவிக்காரர்கள் 'பைட்' என்று சொல்லும் பேச்சுத் துண்டு ரொம்பச் சின்னது. அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளை ஆராய்ந்தவர்கள், 1968-ல் வேட்பாளர் இடைவெட்டு இல்லாமல் பேசியது சராசரியாக 40 வினாடிக்கு மேல் ஒளிபரப்பானதையும், 1988-ல் அது 10 வினாடிக்குக் கீழே இறங்கியதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். பத்து வினாடி என்பது இரண்டு வாக்கியம். உங்கள் துறையின் கலைச்சொற்களை விலக்கி, பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும்படி இரண்டு வாக்கியத்தில் சொல்ல வைப்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

கேள்வியிலிருக்கும் மோசமான சொல்லை நம் வாயால் திருப்பிச் சொல்லாமல் இருப்பதும் பழக்கத்தில்தான் வரும். 1973 நவம்பரில் பத்திரிகை ஆசிரியர்கள் முன்னால் அன்றைய அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் "நான் மோசடிக்காரன் அல்ல" என்றார். அந்த 'அல்ல'வை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நெருக்கடி நேரத்துக்கான பயிற்சி என்றால் இன்னும் ஒன்று பாருங்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பதினோரு பேர் இறந்த பிறகு, பிபி எண்ணெய் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட் மே மாதக் கடைசியில் செய்தியாளர்களிடம் முதலில் வருத்தம்தான் தெரிவித்தார். அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதே மூச்சில், இது முடிந்து தன் வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னதுதான் நிலைத்தது. பாதிக்கப்பட்டவர்களை முன்னால் வைத்துப் பேசுவதை உதட்டளவில் சொல்லித்தர முடியாது. உண்மையிலேயே என்ன செய்யப்போகிறீர்கள் என்று உங்களையே குடைந்து கேட்கும் பயிற்சியாளர் வேண்டும். அந்தக் கேள்வியில் உங்கள் கொள்கையிலேயே ஓட்டை இருப்பது தெரியவந்தால், அன்றைய கட்டணம் வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைக் கழற்றும் வரை பேட்டி முடியவில்லை என்பதையும் பயிற்சியில் செய்து காட்ட வேண்டும். 2010 ஏப்ரலில் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன், சட்டையில் மைக் இருப்பதை மறந்து, சற்று முன் தன்னிடம் பேசிய ஒரு வாக்காளரைக் காருக்குள் இழிவாகச் சொன்னது அப்படியே ஒலிபரப்பானது. நாங்கள் அமர்த்திய அம்மா, "சரி, முடிஞ்சது, ரொம்ப நல்லா பண்ணீங்க" என்று எழுந்து நின்று பேச்சுக் கொடுத்தார். கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்தது. எங்கள் கணக்கு அதிகாரி அந்த ஒரு நிமிடத்தில் சொன்னதைத் திரையில் பார்த்துவிட்டு, அப்புறம் அன்று முழுக்க மைக்கைத் தானே கழற்றிக் கையில் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

கட்டணம், ஒப்பந்தம்

ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள்: முன்தயாரிப்பு, கேமரா, கூட வரும் ஆள், பயணம், பதிவுகளின் பிரதி, பிற்பாடு ஒரு தொடர் அமர்வு. தேதி மாறினால் என்ன நிபந்தனை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். விலை குறைவு என்பதற்காக முன்தயாரிப்பை மட்டும் வெட்டாதீர்கள்.

நிறைய பேர் கேட்க மறக்கும் ஒன்று: பயிற்சிப் பதிவுகள் யாரிடம் இருக்கும்? உங்கள் ஆட்கள் மிகச் சங்கடமான கேள்விகளுக்குத் திணறும் காட்சி அது. வகுப்பு முடிந்ததும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தங்கள் பிரதியை அழிக்க வேண்டும், விளம்பரத்துக்கோ வேறு வகுப்பில் உதாரணமாகவோ பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். இன்னொரு வாடிக்கையாளரின் பயிற்சிப் பதிவை மாதிரிக்காக உங்களுக்குக் காட்டுகிறார்களா? நாளை உங்களுடையதையும் காட்டுவார்கள்.

செய்தியில் வரவைத்துத் தருகிறேன், கேள்விகளை முன்கூட்டியே வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பவரையும் விட்டுவிடுங்கள். அது பயிற்சியாளர் கையில் இல்லை.

எல்லோரையும் அனுப்பும் முன் ஒருவரை அனுப்புங்கள்

சந்தேகம் இருந்தால் ஒரே ஒருவருக்கு ஒரு மணி நேர அமர்வு மட்டும் பேசிக்கொள்ளுங்கள். அதிகம் பதற்றப்படுபவரை அனுப்புவது நல்லது. நன்றாகப் பேசுபவரை அனுப்பினால் பயிற்சியாளரின் திறமை தெரியாது. திரும்பி வந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் வாங்கி, விஷயம் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்த உடனே, "இவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். முதல் பதிவுக்கு "ஏதோ விதிமுறை பற்றி..." என்று இழுத்துவிட்டு, கடைசிப் பதிவுக்கு ஒரே வாக்கியத்தில் பட்டென்று சொன்னால் அந்தப் பயிற்சியாளரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பணமே இல்லை என்றால், காத்திருக்க வேண்டாம். ஒரு கைபேசி, அதை நிறுத்தி வைக்க ஏதாவது, உங்கள் துறை தெரியாத கூர்மையான நண்பர் ஒருவர், நீங்கள் எழுதி வைத்த அந்த ஐந்து கேள்விகள். மூன்று சுற்று. முழுப் பயிற்சிக்கு இது ஈடாகாது, ஆனால் படம் காட்டும் வகுப்பைவிட நிச்சயம் மேல்.

பயிற்சி முடிந்து ஆறு மாதம் பேட்டியே வராவிட்டால் பாதி மறந்துபோகும். அதனால் முக்கியமான பேட்டிக்கு முந்தின நாள் அரை மணி நேரம் போனிலாவது கேள்வி கேட்டுத் தயார்படுத்த வருவீர்களா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இயக்குநர் இப்போதும் அப்படித்தான் செய்கிறார். ஸ்டூடியோவுக்குக் கிளம்பும்போது பேனாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.